ஒரே முகவரியுடன் வரும் யூஎஸ்பி மோடம்கள்: டிரைவர் அதை எப்படிச் சமாளிக்கிறது?

ஒரே மாதிரியான இரண்டு யூஎஸ்பி மோடம்களை ஒரு லினக்ஸ் கணினியில் அடுத்தடுத்துச் செருகுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மோடம் செருகிய கையோடு இணைப்பைத் தந்துவிடுகிறது. இரண்டாவதைச் செருகியதும் குழப்பம் தொடங்குகிறது. அதன் பிணைய இடைமுகத்துக்கு, அதாவது கணினிக்குள் அந்த மோடத்தைக் குறிக்கும் வாயிலுக்கு, எதிர்பார்த்த பெயர் வரவில்லை. முதல் மோடத்துக்கென்று எழுதி வைத்திருந்த அமைப்புகள் இரண்டாவதன் மேல் ஏறிக்கொள்கின்றன. கணினியை அணைத்துப் போட்டால் இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. இரு இடைமுகங்களின் விவரங்களையும் திரையில் வரவழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் காரணம் புலப்படுகிறது: இரண்டின் வன்பொருள் முகவரியும் கடைசி இலக்கம் வரை ஒன்றே. எந்த இரண்டு சாதனத்துக்கும் ஒரே வன்பொருள் முகவரி இருக்காது என்றுதான் பாடங்களில் படித்திருக்கிறோம். அந்த உறுதி எங்கே உடைகிறது, உடைந்தபின் டிரைவர் எனப்படும் இயக்கி நிரல் அதை எப்படிச் சரிக்கட்டுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வன்பொருள் முகவரி, அதாவது மேக் முகவரி, 48 பிட் நீளமுள்ள ஓர் எண். அதை ஆறு பைட்டுகளாகப் பிரித்து, 16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறையில், இடையிடையே முக்காற்புள்ளி இட்டு எழுதுவது வழக்கம். 10 முதல் 15 வரையான மதிப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகள் பயன்படும். முதல் மூன்று பைட்டுகளை, தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒதுக்கித் தருகிறது. பின் மூன்று பைட்டுகளைத் தான் செய்யும் ஒவ்வொரு சாதனத்துக்கும் வெவ்வேறாக இட வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஆக, முகவரி தனித்துவமானது என்ற உறுதியில் ஒரு பாதி ஐஇஇஇ-யின் பதிவேட்டிலும் மறுபாதி தொழிற்சாலையின் ஒழுங்கிலும் இருக்கிறது. அந்த இரண்டாம் பாதி தவறும் இடத்தில்தான் நம் சிக்கல் பிறக்கிறது.

முதல் பைட்டின் கடைசி இரண்டு பிட்டுகளுக்குத் தனிப்பொருள் உண்டு; பின்னால் வரும் பலவற்றுக்கும் இதுவே திறவுகோல் என்பதால் இங்கே சற்று நிதானிப்போம். கடைசி பிட் 1 என்றால் அது ஒரு குழுவுக்கான முகவரி. தனிச் சாதனம் ஒன்றுக்கு அது 0 ஆகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய பிட் 1 என்றால், அந்த முகவரி ஐஇஇஇ ஒதுக்கீட்டிலிருந்து வந்ததல்ல, உள்ளூரில் யாரோ தாமாக வைத்துக்கொண்டது என்று பொருள். இதை உள்ளூர் பிட் என்று அழைப்போம். உதாரணமாக, ஒரு குறிப்பிட்ட வகைக் கையடக்க மோடங்கள் எல்லாமே 36:4பி:50:பி7:இஎஃப்:டிஏ என்ற ஒரே முகவரியைச் சொல்லிக்கொண்டு வந்தது 2016-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பதிவாகியிருக்கிறது. அதன் முதல் பைட்டான 36-ஐ இரும எண்ணாக விரித்தால் 0011 0110 வரும். கடைசி பிட் 0. ஆகவே தனிச் சாதனத்துக்கான முகவரிதான். அதற்கு முந்தையது 1. ஆகவே பதிவேட்டில் இல்லாத, கற்பித்துக்கொண்ட முகவரி. குலுக்கிப் போட்டு எடுத்த எண்ணைப் போலத் தோன்றினாலும், ஒரே ஒரு முறை குலுக்கி, கிடைத்ததை அந்த வகைச் சாதனங்கள் அனைத்திலும் அப்படியே பதித்துவிட்டார்கள்.

தயாரிப்பாளர்கள் ஏன் இதில் அக்கறை காட்டுவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, யூஎஸ்பி மோடத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். மோடம் செல்பேசிக் கோபுரத்தோடு பேசும் பாதையில் பொதுவாக ஈத்தர்நெட், அதாவது கணினிகளைக் கம்பியால் இணைக்கும் பிணைய முறை, இல்லை. கோபுரத்துக்கும் மோடத்துக்கும் இடையில் ஐபி பாக்கெட்டுகள், அதாவது இணையத் தரவின் சிறு பொதிகள், மட்டுமே பயணிக்கின்றன. அங்கே சந்தாதாரரை அடையாளம் காட்டுவது சிம் அட்டையின் எண்; சாதனத்தை அடையாளம் காட்டுவது அதன் ஐஎம்இஐ எண். ஆனால் கணினியின் பக்கம் ஈத்தர்நெட்டைக் கையாளும் மென்பொருள் எல்லாம் ஏற்கெனவே தயாராக இருப்பதால், மோடம் தன்னை ஓர் ஈத்தர்நெட் அட்டையாகக் காட்டிக்கொள்கிறது. கணினிக்கு அனுப்பும் ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் முன்னாலும் பெறுநர் முகவரிக்கு 6 பைட், அனுப்புநர் முகவரிக்கு 6 பைட், வகை எண்ணுக்கு 2 பைட் என 14 பைட் தலைப்பகுதி ஒன்றை ஒட்டி அனுப்புகிறது. கணினியிடமிருந்து வரும்போது அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளிருக்கும் ஐபி பாக்கெட்டை மட்டும் கோபுரத்துக்கு அனுப்புகிறது. இந்த முகவரிகள் யூஎஸ்பி கம்பியைத் தாண்டி ஓர் அடிகூட வெளியே போவதில்லை. ஐஎம்இஐ எண் தவறினால் வலையமைப்பிலேயே சிக்கல் வரும் என்பதால் அதை ஒவ்வொரு சாதனத்துக்கும் கவனமாகப் பதிக்கிறார்கள். மேக் முகவரி தவறினாலோ தொழிற்சாலைச் சோதனையில் எதுவும் தெரியாது. அங்கே ஒரு நேரத்தில் ஒரு மோடத்தைத்தானே ஒரு கணினியில் செருகிப் பார்க்கிறார்கள்.

இப்படி நிரப்பப்படாமல் விடப்பட்ட முகவரிக்கு மிகப் பழக்கமான சான்று 00:ஏ0:சி6:00:00:00. முதல் மூன்று பைட்டுகள் சில்லு நிறுவனமான குவால்காமுக்கு ஒதுக்கப்பட்டவை. பின் மூன்றும் வெறும் சுழியங்கள். சில்லுடன் வரும் ஃபர்ம்வேர் என்ற உள்நிரலில் சாதன வரிசை எண்ணுக்கென்று விட்டுவைத்த இடம் நிரப்பப்படாமலே கடைக்குப் போய்விட்டது என்பதை அந்தச் சுழியங்களே காட்டுகின்றன. கவனியுங்கள், இந்த முகவரியில் உள்ளூர் பிட் 0. பதிவேட்டில் உள்ள ஒழுங்கான முகவரியைப் போலவே வேடமிட்டு வருவதால், இதைப் பிட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முழு முகவரியையும் முன்கூட்டிக் குறித்துவைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

கணினி இந்த முகவரியை எப்படி அறிகிறது என்பது மோடம் யூஎஸ்பி வழியே பேசும் நெறிமுறையைப் பொறுத்தது; கீழே வரும் சிடிசி, ஆர்என்டிஐஎஸ், எம்பிஐஎம், கியூஎம்ஐ எல்லாம் அப்படிப்பட்ட நெறிமுறைகளின் பெயர்கள். சிடிசி ஈத்தர்நெட் வகையில், கணினி பயன்படுத்த வேண்டிய முகவரியை 12 எழுத்துகள் கொண்ட ஒரு சரமாகச் சாதனமே தன் யூஎஸ்பி விவரிப்பில் வைத்திருக்கிறது. ஆர்என்டிஐஎஸ் வகையில் டிரைவர் கேள்வி அனுப்பிப் பதிலாகப் பெறுகிறது. எம்பிஐஎம் வகையில் மேக் முகவரி என்ற பேச்சே இல்லை. முதல் வகையில் புதிதாகப் படிப்பவர்கள் பலர் இடறும் ஒரு நுட்பம் இருக்கிறது: சாதனம் சொல்லும் முகவரி சாதனத்துக்குரியது அல்ல, அது கணினியின் பக்கத்து இடைமுகம் வைத்துக்கொள்ள வேண்டிய முகவரி. மோடம் தன் முனைக்கு வேறொன்றைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, முகவரி இரட்டித்தால் உண்மையில் என்ன கெடுகிறது? முதலில் சொல்ல வேண்டியது, எல்லாம் கெட்டுவிடுவதில்லை. இரண்டு மோடங்களும் இரு தனித்தனிக் கம்பிகளில் இருப்பதால், ஒன்றின் பாக்கெட் மற்றொன்றின் கம்பிக்குள் போக வழியில்லை. லினக்ஸ் கெர்னலும் ஒரே முகவரியுடன் இரண்டு இடைமுகங்கள் இருப்பதை மறுப்பதில்லை. ஆனால் கெர்னலுக்கு மேலே இயங்கும் மென்பொருள்கள் மேக் முகவரியைச் சாதனத்தின் அடையாள அட்டையாக நம்புகின்றன. யூஎஸ்பி பிணையச் சாதனத்தின் முகவரி பதிவேட்டு முகவரியைப் போலத் தோன்றினால், இஎன்எக்ஸ் என்ற முன்னொட்டுடன் அதன் 12 இலக்கங்களையும் சேர்த்து இடைமுகத்துக்குப் பெயரிடும் விதி பல லினக்ஸ் வெளியீடுகளில் இருக்கிறது. முகவரி ஒன்றானால் பெயரும் ஒன்றாகும். ஒரே பெயரில் இரண்டு இடைமுகங்கள் இருக்கக் கூடாது என்பதால் இரண்டாவதற்குப் பெயரிடும் முயற்சி தோற்கிறது. முகவரியை வைத்து அமைப்புகளைப் பொருத்தும் பிணைய மேலாண்மைக் கருவிகளும் எது எது என்று தெரியாமல் தடுமாறுகின்றன.

இதைவிடக் கொடியது, ஒரே கம்பியின் இரு முனைகளிலும் ஒரே முகவரி அமைந்துவிடுவது. கணினிக்கு இந்த முகவரியை வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மோடமும் அதையே தன் முகவரியாக வைத்துக்கொள்ளும் ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன. அப்போது வருகின்ற பாக்கெட்டின் அனுப்புநர் இடத்தில் கணினி தன் முகவரியையே காண்கிறது. அந்த இடைமுகம், பல இடைமுகங்களை ஒரே பிணையமாக இணைக்கும் ஒரு பிரிட்ஜில் சேர்க்கப்பட்டிருந்தால், என் சொந்த முகவரியே அனுப்புநராக வந்திருக்கிறதே என்று கெர்னல் தன் நிகழ்வுக் குறிப்பில் எச்சரிக்கை எழுதத் தொடங்குகிறது. ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6 வகையில், மேக் முகவரியிலிருந்து தன் இணைப்பு முகவரியைக் கட்டிக்கொள்ளும் பழைய முறையை இரு முனைகளும் பின்பற்றினால், இரண்டுக்கும் ஒரே ஐபிவி6 முகவரி கிடைத்து, இதே முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் அது நிராகரிக்கப்படுகிறது.

சிகிச்சையின் முதல் படி எளியது. கியூஎம்ஐ வகை மோடங்களுக்கான டிரைவரில் இரண்டு முகவரிகள் குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன: ஒன்று மேலே கண்ட 00:ஏ0:சி6:00:00:00, மற்றொன்று மோடத்தின் முனைக்குரியதாகக் கருதப்படும் 02:50:எஃப்3:00:00:00. கணினியின் இடைமுகத்துக்கு இவற்றில் ஒன்று வந்து சேர்ந்தால் டிரைவர் அதை ஏற்காமல் ரேண்டம் முகவரி ஒன்றை உருவாக்கி வைக்கிறது. அதை உருவாக்கும் முறை நாம் மேலே பார்த்த இரண்டு பிட்டுகளை ஒட்டியது: 48 பிட்டுகளையும் குலுக்கி எடுத்து, குழு பிட்டை 0 ஆக்கி, உள்ளூர் பிட்டை 1 ஆக்கிவிட வேண்டும். மீதி 46 பிட்டுகள் எப்படியும் அமையலாம்; அந்த வாய்ப்புகளின் எண்ணிக்கை 70 லட்சம் கோடிக்கும் சற்று அதிகம். ஒரு கணினியில் செருகியுள்ள சில மோடங்களுக்குள் இரண்டு ஒன்றாக அமையும் என்ற கவலை தேவையே இல்லை. முகவரி கம்பியைத் தாண்டிப் போகாததால், இந்த மாற்றத்தால் வெளியில் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை.

ஆனால் முகவரியை மாற்றுவதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. இந்த விஷயத்தைப் படிப்பவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய இடம் இதுதான் என்பேன். ஒழுங்கான மோடம், ஓர் ஐபி முகவரிக்குரிய மேக் முகவரி எது என்று கேட்டுக் கணினி அனுப்பும் ஏஆர்பி கேள்வியிலிருந்து அதன் புதிய முகவரியைக் கற்றுக்கொண்டு, அடுத்து வரும் பாக்கெட்டுகளை அந்த முகவரிக்கே அனுப்பும். நம்முடைய மோடமோ ஒழுங்கற்றது என்பதால்தான் இந்தச் சிகிச்சையே தேவைப்பட்டது. கணினி என்ன முகவரி வைத்திருந்தாலும், தன் ஃபர்ம்வேரில் பதிந்துள்ள பழைய முகவரிக்கே பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும் மோடங்கள் உண்டு. பாக்கெட் வந்ததும் கெர்னல் பெறுநர் முகவரியைத் தன் இடைமுகத்தின் முகவரியோடு ஒப்பிடுகிறது. பொருந்தவில்லை என்றால் வேறொருவருக்கு வந்தது என்று முத்திரை குத்துகிறது. ஐபி அடுக்கு அந்த முத்திரையைக் கண்டதும் சத்தமில்லாமல் பாக்கெட்டை எறிந்துவிடுகிறது. மறுமுனையிடம் பதில் கேட்கும் பிங் சோதனையைப் பயனாளர் அனுப்பினால் பதில் வராது. பாக்கெட்டுகளைப் படம்பிடித்துக் காட்டும் கருவியை ஓடவிட்டால், பதில் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றும் வந்து சேர்வது கண்ணுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கருவி முத்திரையைப் பார்ப்பதில்லை. வந்தும் வராத இந்த நிலை எவரையும் மணிக்கணக்கில் அலைக்கழிக்கும். இத்தகைய நிலையில் பெறுநர் முகவரியைக் கூர்ந்து பாருங்கள். விடை பெரும்பாலும் அந்த ஆறு பைட்டுகளில்தான் இருக்கும்.

ஆகவே இரண்டாம் படி: வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் மேலே அனுப்புவதற்கு முன், டிரைவர் அதன் பெறுநர் இடத்தில் இடைமுகத்தின் இப்போதைய முகவரியை எழுதிவிடுகிறது. கம்பியின் மறுமுனையில் ஒரே ஒரு மோடம், இந்த முனையில் ஒரே ஒரு கணினி என்பதால், வந்த பாக்கெட் நமக்குத்தான் என்பதில் ஐயமில்லை. எனவே இப்படித் திருத்துவது பாதுகாப்பானது. பல சாதனங்கள் இணையும் சாதாரண ஈத்தர்நெட் கம்பியில் இதைச் செய்யவே கூடாது. எல்லாருக்குமான அகலபரப்பு முகவரிக்கும் குழு முகவரிக்கும் வந்தவற்றை மட்டும் தொடாமல் விட வேண்டும்.

கியூஎம்ஐ மோடங்கள் சிலவற்றில் இன்னொரு விசித்திரமும் உண்டு. சில வேளைகளில் அவை 14 பைட் தலைப்பகுதியை ஒட்ட மறந்து, ஐபி பாக்கெட்டை அப்படியே அனுப்பிவிடும். எப்போது மறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டிரைவர் முதல் பைட்டைப் பார்த்து முடிவு செய்கிறது. ஐபிவி4 பாக்கெட் 4 என்ற இலக்கத்தில் தொடங்கும், ஐபிவி6 பாக்கெட் 6-இல் தொடங்கும். அப்படி இருந்தால் தலைப்பகுதி இல்லை என்று கொண்டு, தானே ஒன்றைச் செய்து ஒட்டுகிறது. இந்த உத்தி பலிக்க வேண்டுமானால் நம் சொந்த முகவரி 4 அல்லது 6-இல் தொடங்கக் கூடாது. தொடங்கினால், தலைப்பகுதியுடன் ஒழுங்காக வந்த பாக்கெட்டும் தலைப்பகுதி இல்லாததாகத் தோன்றிவிடும். அதனால் டிரைவர் இடைமுகத்தின் முகவரியைச் சோதித்து, குழப்பம் தரக்கூடியதாக இருந்தால் அதிலுள்ள ஒரு பிட்டை அணைத்து, கூடவே உள்ளூர் பிட்டையும் ஏற்றிவைக்கிறது. பதிவேட்டு முகவரியில் கைவைத்துவிட்டால் அது இனிப் பதிவேட்டு முகவரி அல்ல என்பதை முகவரியே நேர்மையாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

மோடங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இத்தகைய டிரைவர்களுக்கெல்லாம் அடித்தளமாக இருக்கும் யூஎஸ்பிநெட் என்ற பகுதியிலேயே இரட்டிப்புக்கு ஒரு காரணம் நெடுங்காலம் இருந்தது. சாதனம் முகவரி சொல்லாதபோது கொடுப்பதற்காக அது ஒரு ரேண்டம் முகவரியை வைத்திருந்தது. ஆனால் அந்த முகவரியை நிரல் ஏற்றப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாக்கியது. முகவரி சொல்லாத இரண்டு சாதனங்களை ஒரே நேரத்தில் செருகினால் இரண்டுக்கும் அதே எண்தான் போய்ச் சேரும். மோடம் தயாரிப்பாளர்களிடம் நாம் காணும் அதே தவறு, அச்சு அசலாக இங்கேயும். டிரைவர் எவ்வளவு பழையதோ அந்தப் பிழையும் அவ்வளவு பழையது. 2024 ஆகஸ்டில்தான் சாதனத்துக்குச் சாதனம் தனியே உருவாக்கும் முறைக்கு அது மாற்றப்பட்டது.

அந்தத் திருத்தம் உடனே வேறொன்றைக் கெடுத்தது. இடைமுகத்துக்கு ஈத்தர்நெட் அட்டைக்குரிய பெயரிடுவதா, யூஎஸ்பி என்று தொடங்கும் பெயரிடுவதா என்பதை யூஎஸ்பிநெட் உள்ளூர் பிட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்து வந்தது. முன்பு தொடக்கத்திலேயே ரேண்டம் முகவரி இருந்ததால், சாதனம் எதுவும் சொல்லாதபோது அந்த பிட் 1 ஆக நின்றது. புதிய முறையில் அந்தக் கட்டத்தில் முகவரி வெறும் சுழியமாக இருந்ததால் பிட்டும் 0 ஆனது. விளைவாக, பல ஆண்டுகளாக ஒரு பெயரில் வந்துகொண்டிருந்த இடைமுகங்கள் வேறு பெயரில் வரத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபரில், முகவரி சுழியமாக இருக்கிறதா என்றும் பார்க்கும்படி அதைச் சரிசெய்தார்கள்.

இவ்வளவு தொல்லைக்குப் பதிலாக எல்லா மோடத்துக்கும் ரேண்டம் முகவரியே கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால், தனக்கெனத் தனி முகவரியுடன் ஒழுங்காக வரும் சாதனமும் ஒவ்வொரு முறை செருகும்போதும் புதிய முகவரி பெறும். அதை நம்பி எழுதிய அமைப்புகள் எல்லாம் வீணாகும். ஆர்என்டிஐஎஸ் டிரைவரில் இதன் ஒரு பகுதியைச் செய்து பார்த்தார்கள்: 36-இல் தொடங்கும் அந்த முகவரிக்கான மருந்தாக, உள்ளூர் பிட் ஏற்றப்பட்ட எந்த முகவரி வந்தாலும் ரேண்டம் முகவரி கொடுக்கப்பட்டது. உள்ளூர் பிட் இருப்பது குற்றமல்ல; அப்படிப்பட்ட முகவரியும் தனித்துவமாகவும் நிலையாகவும் இருக்கலாம். அதனால் 2022-இல் அந்தச் சோதனை, பிழை காணப்பட்ட தயாரிப்பாளரின் சாதனங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. சாதனம் சொல்வதை நம்பு, பொய் என்று அறியப்பட்ட இடத்தில் மட்டும் மாற்று என்ற இந்த நிலைதான் சரியானது என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே உள்ள இடைமுகங்களோடு ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் மட்டும் மாற்றலாமே என்பது அடுத்த யோசனை. ஒரே முகவரி என்பது எப்போதும் பிழையல்ல என்பதே இங்கே தடை: ஒரே கம்பியில் பல தனிப் பிணையங்களைப் பிரித்துத் தரும் விஎல்ஏஎன் இடைமுகம் தன் தாய் இடைமுகத்தின் முகவரியையே சுமக்கிறது. மேலும் எந்த மோடம் முதலில் செருகப்பட்டதோ அது பழைய முகவரியையும் அடுத்தது புதியதையும் பெறும். செருகும் வரிசை மாறினால் அடையாளமும் மாறும்.

ரேண்டம் முகவரிக்கும் நிலையின்மை என்ற குறை உண்டு. ஆனால் டிரைவர் அதை மறைப்பதில்லை. ஒவ்வொரு இடைமுகத்துக்கும் முகவரி எப்படி வந்தது என்று கெர்னல் ஓர் எண்ணால் குறித்து வைக்கிறது: 0 என்றால் சாதனத்தின் நிலையான முகவரி, 1 என்றால் ரேண்டம், 2 என்றால் வேறோர் இடைமுகத்திடமிருந்து எடுத்தது, 3 என்றால் பயனாளர் இட்டது. இந்தக் குறிப்பைப் பார்த்து, லினக்ஸின் சேவைகளை மேலாளும் சிஸ்டம்டி போன்ற கருவி ரேண்டம் முகவரிக்குப் பதிலாக, அந்தக் கணினிக்கும் அந்தச் சாதனத்துக்கும் ஒவ்வொரு முறையும் மாறாமல் வரக்கூடிய ஒரு முகவரியைக் கணக்கிட்டு இட முடிகிறது. இரண்டு ஒரே மாதிரி மோடங்களை நிரந்தரமாக வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, பெயரையும் அமைப்பையும் முகவரியோடு கட்டாமல், மோடம் செருகப்பட்ட யூஎஸ்பி போர்ட்டின் இடத்தோடு கட்டுங்கள் என்பதே. முகவரி மாறினாலும் போர்ட் இடம் மாறாது.

இதெல்லாம் சரியானபின்னும் இரண்டாவது மோடம் வழியே இணைப்புப் போகவில்லை என்றால், அது பெரும்பாலும் வேறு நோய். ரவுட்டரைப் போல நடந்துகொள்ளும் ஒரே வகை மோடங்கள் இரண்டும் கணினிக்கு ஒரே தனியார் ஐபி வரம்பையும், 192.168.0.1 போன்ற ஒரே நுழைவாயில் முகவரியையும் தரும். மேக் முகவரியைத் திருத்துவதால் இது தீராது. ஒன்றின் ஐபி வரம்பை அதன் அமைப்புப் பக்கத்தில் மாற்ற வேண்டும், அல்லது ஒவ்வொரு மோடத்துக்கும் தனி வழித்தட அட்டவணையோ, மற்றவற்றிலிருந்து பிரித்துவைக்கும் தனிப் பிணையவெளியோ கொடுக்க வேண்டும். இரண்டு நோய்களும் ஒரே நேரத்தில் வருவதால் ஒன்றை மற்றொன்றாக நினைத்து மருந்திடுவது எளிது.

பிற்காலக் கியூஎம்ஐ மோடங்கள் பலவற்றில் ஈத்தர்நெட் வேடமே கைவிடப்பட்டுவிட்டது. கம்பியில் தலைப்பகுதி இல்லாத ஐபி பாக்கெட்டுகள் மட்டுமே போய்வருகின்றன. அந்த முறைக்கு மாற்றப்பட்ட இடைமுகத்தின் விவரத்தைத் திரையில் பார்த்தால், வன்பொருள் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இருக்காது.